பத்தாண்டு அவகாசம்

பெருங்குடல் புற்றுநோயிடம் ஒரு நல்ல குணம் இருக்கிறது என்று சொன்னால், வீட்டில் அந்த நோயைப் பார்த்தவர்களுக்குக் கோபம் வரும். ஆனாலும் இருக்கிறது. அது அவகாசம் கொடுக்கும். கணையத்தில் புற்று வந்தால் பெரும்பாலும் வெளியே தெரிவதற்குள் காரியம் கைமீறிவிடுகிறது. பெருங்குடலில் முதல் கோளாறு தொடங்கியதற்கும் உயிருக்கு ஆபத்து வருவதற்கும் நடுவே பெரும்பாலோருக்குப் பத்தாண்டோ அதற்கு மேலோ கிடைக்கிறது. அந்தப் பத்தாண்டில் ஏதோ ஒரு நாள் ஒரு டாக்டர் உள்ளே பார்த்துவிட்டால், வரவிருந்த புற்றுநோய் வராமலே போய்விடக்கூடும்.

இவ்வளவு அவகாசம் தரும் நோயால் ஒருவர் இறக்கிறார் என்றால், அவருக்கும் அந்த ஒரு நாளுக்கும் நடுவில் ஏதோ ஒன்று குறுக்கே நின்றிருக்கிறது. பணமா, பயமா, வேலையில் கிடைக்காத லீவா, ‘ஐம்பது வயதாகிவிட்டது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று எடுத்துச் சொல்ல ஒரு டாக்டர் இல்லாததா? அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள டெலவேர் என்ற சின்ன மாநிலம் 2001-ல் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. 2009 வாக்கில் இந்த நோயைப் பொறுத்தமட்டில் கருப்பின மக்களுக்கும் வெள்ளையினத்தவருக்கும் இருந்த இடைவெளி அங்கே கிட்டத்தட்ட மூடப்பட்டுவிட்டது. ஒரு மாநிலம் முழுவதிலும் இப்படி நடப்பது அபூர்வம். எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள முதலில் குடலுக்குள் போக வேண்டும்.

பெருங்குடலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில குருத்தணுக்கள். அவை ஓயாமல் பிரிந்து புதிய உயிரணுக்களை மேல்நோக்கித் தள்ளுகின்றன. மேலே வந்து சேரும் உயிரணு நாலைந்து நாளில் உதிர்ந்து மலத்தோடு வெளியேறிவிடும். இத்தனை வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் உறுப்புகள் உடம்பில் குறைவு. ஒவ்வொரு முறை பிரியும்போதும் மரபணுத் தொகுதி முழுவதையும் நகலெடுக்க வேண்டும். அப்போது எங்காவது பிழை விழும். ஏபிசி என்ற மரபணு பழுதானால், உதிர வேண்டிய உயிரணு உதிராமல் அங்கேயே தங்கிப் பெருகத் தொடங்குகிறது. சில வருடங்களில் அது காம்புள்ள காளான் போலவோ, தட்டையான தழும்பாகவோ குடல் சுவரில் தலைகாட்டும். டாக்டர்கள் அதைப் பாலிப் என்பார்கள்.

பாலிப் புற்றுநோய் அல்ல. பெரும்பாலான பாலிப்கள் ஒருநாளும் புற்றுநோயாக மாறுவதில்லை. சிலவற்றில் மட்டும் கேராஸ் என்ற இன்னொரு மரபணுவில் பிழை சேர்கிறது; வளர்ச்சி வேகமெடுக்கிறது. கடைசியில், பழுதான உயிரணுக்களைத் தடுத்து நிறுத்த வேண்டிய பி53 என்ற காவல் மரபணுவும் செயலிழக்கிறது. அதன் பிறகே அது சுவரைத் துளைத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் கல்லீரலுக்கும் பரவும் புற்றாகிறது. ஒவ்வொரு பிழையும் தற்செயலாக நேர வேண்டியிருப்பதால்தான் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் படிவரிசையை 1988-லும் 1990-லும் தெளிவாக எழுதிக் காட்டியவர் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்ட் வோகல்ஸ்டைன். அந்தச் சோதனைக்கூடத்திலிருந்து டெலவேரின் பெரிய நகரமான வில்மிங்டனுக்கு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

பாலிப்பை வெட்டி எடுக்க வயிற்றைத் திறக்க வேண்டிய காலம் 1969-ல் முடிந்தது. நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் உல்ஃபும் வளையக்கூடிய குழாயின் வழியே ஒரு கம்பிச் சுருக்கை அனுப்பி, பாலிப்பின் காம்பைச் சுற்றி இறுக்கி, மின்சாரம் பாய்ச்சி அறுத்தார்கள். குடலின் உட்சுவருக்கு வெட்டு வலி தெரியாது. பாலிப்பை எடுத்துவிட்டால் புற்றுநோய் தடைபடுமா என்ற கேள்விக்கு 1993-ல் அமெரிக்காவின் தேசியப் பாலிப் ஆய்வு பதில் சொன்னது. பாலிப் அகற்றப்பட்ட 1,418 பேரைப் பல ஆண்டுகள் கண்காணித்ததில், எதிர்பார்க்கப்பட்டதைவிட 76 முதல் 90 சதவீதம் வரை குறைவாகவே புற்றுநோய் வந்திருந்தது. அந்த ஆய்வின் தொடர்ச்சி 2012-ல் வந்தது. இறப்பும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

அறிவியல் தன் பங்கை இவ்வாறு முடித்துவிட்டது. இனி மிச்சமிருப்பது ஒரு மனிதர் அந்தக் குழாய்க்கு முன்னால் வந்து படுப்பது. கேட்க எளிது. கொலோனோஸ்கோப்பி என்ற அந்தக் குழாய்ப் பரிசோதனையைச் செய்துகொண்டவர்களைக் கேட்டால் தெரியும். முதல் நாள் முழுக்கத் திட உணவு கிடையாது. சாயங்காலம் ஒரு பெரிய குடுவையில் உப்புக் கரிக்கும் பேதி மருந்துக் கரைசல், நாலு லிட்டர் வரைகூட, கால் மணிக்கு ஒரு தம்ளர் என்று குடித்து முடிக்க வேண்டும். இரவு பாதி கழிப்பறையில் போகும். வெளியேறுவது தெளிந்த மஞ்சள் நீராக இருந்தால்தான் குடல் சுத்தம். மலம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் பின்னால் பாலிப் ஒளிந்திருக்கும், பரிசோதனை வீண். மறுநாள் மயக்க மருந்து தருவார்கள். அது தெளிந்த பின்னும் அன்று முழுக்கக் கார் ஓட்டக் கூடாது. அழைத்துப்போக ஒரு ஆள் வந்தால்தான் மருத்துவமனையே வெளியில் விடும்.

ஆக இரண்டு நாள் லீவு, ஒரு கார், அதை ஓட்ட இன்னொருவரின் அரைநாள், நிம்மதியாகப் பயன்படுத்த வீட்டில் ஒரு கழிப்பறை, இவையெல்லாம் போக ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம். அலுவலக வேலையும் இன்ஷூரன்ஸும் உள்ளவருக்கு இது ஒரு தொந்தரவு. நாள் கூலிக்காரருக்கு இதில் எந்த ஒன்று இல்லாவிட்டாலும் பரிசோதனையே இல்லை.

இந்த இடத்தில் அமெரிக்கப் புள்ளிவிவரம் ஒன்று என் தூக்கத்தைக் கெடுக்கிறது. 1960-களிலும் 1970-களிலும் பெருங்குடல் புற்றுநோயால் இறந்த கருப்பின ஆண்களின் வீதம் வெள்ளையின ஆண்களைவிடக் குறைவு. பின்னர் கொலோனோஸ்கோப்பி பரவியது, அறுவை முறைகள் மேம்பட்டன, புதிய கீமோ மருந்துகள் வந்தன. வெள்ளையினத்தவரின் இறப்பு வீதம் மளமளவென்று இறங்கியது. கருப்பினத்தவரின் வீதம் இறங்கவில்லை. ஆண்களிடம் ஏறவும் செய்தது. கோடுகள் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, 2000 வாக்கில் கருப்பினத்தவர் வெகு தூரம் மேலே இருந்தார்கள். ஒரு தலைமுறைக்குள் யாருடைய மரபணுவும் மாறிவிடாது. ‘அவர்கள் உடம்புவாகு அப்படி’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தக் கோடுகளே பதில். மருத்துவம் முன்னேறியது; முன்னேற்றம் சிலரிடம் போய்ச் சேர்ந்தது, சிலரிடம் சேரவில்லை.

டெலவேரில் மொத்தம் மூன்றே மாவட்டங்கள். வடக்கே நியூ காசில்: வில்மிங்டன் நகரம், வங்கிகளின் உயர்ந்த கட்டடங்கள், டூபாண்ட் என்ற பெரும் ரசாயன நிறுவனத்தின் பிறப்பிடம். நடுவே கென்ட். தெற்கே சசெக்ஸ்: சோள வயல்கள், கோழிப் பண்ணைகள், கோழியை வெட்டிப் பொட்டலம் போடும் ஆலைகள். 2000-ல் மக்கள்தொகை எட்டு லட்சத்தைத் தொடவில்லை. ஐந்தில் ஒருவர் கருப்பினத்தவர். 1990-களில் புற்றுநோய் இறப்பு வீதம் மிக அதிகமான அமெரிக்க மாநிலங்களின் வரிசையில் டெலவேர் முன்னணியில் நின்றது. ரசாயன ஆலைகள்தான் காரணம் என்று மக்கள் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு பழைய காரணங்கள் பெரிதாகத் தெரிந்தன: சிகரெட், தாமதம்.

2001 ஜனவரியில் ரூத் ஆன் மின்னர் ஆளுநரானார். அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர். நம் முதல்வரைப் போன்ற அதிகாரம் உடையவர். டெலவேருக்கு அவரே முதல் பெண் ஆளுநர். சசெக்ஸ் மாவட்டத்தின் குத்தகை விவசாயி மகள். பதினாறு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு வயல் வேலைக்குப் போனவர். முப்பத்திரண்டு வயதுக்குள் மூன்று பிள்ளைகளோடு விதவையானவர். அதன் பிறகு தனியாகப் பரீட்சை எழுதிப் பள்ளிப் படிப்பை முடித்து, ஆளுநர் அலுவலகத்தில் வரவேற்பாளராக இருந்து, 1974-ல் சட்டமன்றம் போனார். இரண்டாவது கணவர் ராஜர் மின்னர் 1991-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். பதவியேற்ற சில மாதங்களுக்குள் புற்றுநோய் ஆலோசனைக் குழு ஒன்று அமைந்தது. 2002 வசந்தத்தில் அதன் அறிக்கை வந்தது.

அமெரிக்காவில் மாநிலப் புற்றுநோய்த் திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. மத்திய நோய்த்தடுப்பு மையமான சிடிசி 1998-ல் தொடங்கிய திட்டத்தால் இன்று ஐம்பது மாநிலங்களிடமும் அழகாக அச்சிட்ட ஆவணங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைப் படித்தால் ‘ஊக்குவிப்போம்’, ‘மேம்படுத்துவோம்’, ‘விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்’ என்று வினைச்சொற்கள் வரிசையாக வரும். யார் செய்வது, எந்த மாதத்துக்குள், எவ்வளவு செலவில் என்பது வராது. டெலவேர் அறிக்கை இந்த மூன்றையும் எழுதிவைத்தது. மின்னரின் அரசு பட்ஜெட்டில் பணமும் ஒதுக்கியது. அந்தப் பணம் சிகரெட் கம்பெனிகளிடமிருந்து வந்தது. 1998 நவம்பரில் 46 மாநிலங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, புகையிலை நிறுவனங்கள் ஆண்டுதோறும் மாநிலங்களுக்குத் தொகை கட்டுகின்றன. பல மாநிலங்கள் அதைச் சாலை போடவும் பட்ஜெட் பள்ளத்தை அடைக்கவும் செலவழித்தன. டெலவேர் அதைச் சுகாதார நிதியாக ஒதுக்கி வைத்திருந்தது.

அதே 2002 நவம்பர் 27-ல் டெலவேரின் உணவகங்கள், மதுக்கூடங்கள், சூதாட்டக் கூடங்கள் எல்லாவற்றிலும் புகைபிடிக்கத் தடை வந்தது. அந்த ஆண்டில் மதுக்கூடங்களுக்கும் சேர்த்து இப்படித் தடை போட்ட மாநிலங்கள் அமெரிக்காவில் மிகச் சில. சூதாட்டக் கூடங்களின் வருமானம் விழுந்தது. அதில் பங்கு பெறும் மாநில அரசின் வருமானமும் விழுந்தது. மின்னரின் மீது கோபம் கொண்டவர்கள் ஏராளம். 2004 தேர்தலில் அவர் ஜெயித்தது குறுகிய வித்தியாசத்தில்தான்.

*

புற்றுநோய் ஆலோசனைக் குழுவில் இருந்த டாக்டர்களை உறுத்திய பெரிய கேள்வி வேறொன்று. இன்ஷூரன்ஸ் இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு இலவசமாகப் பரிசோதிக்கிறோம். புற்றுநோய் இருக்கிறது என்று தெரிகிறது. அடுத்து அவரிடம் என்ன சொல்வது? அறுவைக்கும் கீமோவுக்கும் லட்சம் டாலர் ஆகும், உங்களிடம் இருக்கிறதா என்று கேட்பதா? இன்ஷூரன்ஸ் இல்லாத மக்கள் பரிசோதனைக்கே வராததன் பின்னால் இந்தப் பயம் இருந்தது. ‘தெரிந்து என்ன செய்யப்போகிறேன்?’ என்று ஒருவர் கேட்டால் அதை அறியாமை என்று சொல்லக் கூடாது. அது சரியான கணக்கு.

டெலவேர் எடுத்த முடிவுகளிலேயே பெரியது என்று நான் நினைப்பது இதற்கு அவர்கள் தந்த பதிலை. இன்ஷூரன்ஸ் இல்லாத மாநிலவாசி யாருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டாலும் சிகிச்சைச் செலவை மாநிலமே ஏற்கும். 2004-ல் தொடங்கிய இந்தத் திட்டம் பின்னர் இரண்டு ஆண்டுச் சிகிச்சை வரை நீட்டிக்கப்பட்டது. வருமான வரம்பு மத்திய அரசின் வறுமைக்கோட்டைப்போல ஆறரை மடங்கு. அன்றைய கணக்கில் நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1,20,000 டாலர். அதாவது ஏழைகள் மட்டுமல்லாமல், சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருப்பவர், ஒப்பந்தத் தொழிலாளி, வேலை மாறும் இடைவெளியில் இன்ஷூரன்ஸை இழந்தவர் எல்லோரும் அதற்குள் வந்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கும்போதே, ‘ஏதாவது இருந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்ல முடிந்தது.

சிகிச்சை உறுதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2012-ல் வெளியான ஒரு கணினி மாதிரிக் கணக்கு உதவும். கருப்பின, வெள்ளையின மக்களுக்கு இடையிலான பெருங்குடல் புற்றுநோய் வித்தியாசத்தை அது கூறுபோட்டுப் பார்த்தது. நோய் வருவதில் உள்ள வித்தியாசத்தில் 42 சதவீதத்துக்குப் பரிசோதனை கிடைக்காதது காரணம். இறப்பில் உள்ள வித்தியாசத்தில் பரிசோதனையின் பங்கு 19 சதவீதம். ஒரே கட்டத்தில் நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் பிழைப்பதில் இருக்கும் வேறுபாட்டின் பங்கு 36 சதவீதம். கொலோனோஸ்கோப்பியை மட்டும் இலவசமாகத் தந்துவிட்டு நிறுத்தியிருந்தால், இறப்பு இடைவெளியின் பெரிய துண்டு அப்படியே இருந்திருக்கும்.

இலவசப் பரிசோதனை, சிகிச்சை உறுதி ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாவது ஏற்பாட்டின் வேர் நியூயார்க்கின் ஹார்லெமில் இருக்கிறது. ஹார்லெம் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஹரால்ட் ஃப்ரீமன், 1986 வரையிலான 22 ஆண்டுகளில் அங்கே வந்த 606 மார்பகப் புற்றுநோயாளிகளின் ஏடுகளைப் புரட்டினார். முதல் கட்டத்தில் வந்தவர்கள் 6 சதவீதம்தான். பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் வந்திருந்தார்கள். ஐந்தாண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் 39 சதவீதம். 1990-ல் அவர் ஒரு புதிய வேலையை உருவாக்கினார். கட்டியோடு வரும் பெண்ணின் கூடவே இருந்து, அடுத்த பரிசோதனைக்குத் தேதி வாங்கி, படிவம் நிரப்பி, பயத்தில் வராமல் நின்றுவிட்டால் வீடு தேடிப் போய் அழைத்துவரும் ஒரு ஆள். இந்தத் துணையையும் இலவசப் பரிசோதனையையும் சேர்த்துத் தந்த பிறகு, 1995 முதல் 2000 வரை வந்த பெண்களில் 70 சதவீதம் பேர் ஐந்தாண்டைக் கடந்தார்கள். மருத்துவமனை அதேதான், அக்கம்பக்கத்து ஏழ்மையும் அதேதான்.

டெலவேர் அந்த வேலையை நர்ஸ்களிடம் கொடுத்தது. மாநிலத்தின் ஐந்து மருத்துவமனைகளில் வழிகாட்டி நர்ஸ்கள் அமர்த்தப்பட்டார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஒரு மாதிரி ஆளை வைத்துச் சொன்னால் விளங்கும். சசெக்ஸில் கோழி ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் நிற்கும் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் ஒருவர் எழுந்து இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசுகிறார். தாளில் பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்குகிறார்கள். இரண்டு நாள் கழித்து, ஷிஃப்ட் முடிந்து அவர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து நர்ஸ் கூப்பிடுகிறார்.

“எங்க குடும்பத்துல யாருக்கும் அது இல்லம்மா.”

“இந்த நோய் வர்ற பெரும்பாலானவங்க குடும்பத்துல யாருக்கும் முன்னாடி இருந்திருக்காதுங்க. உங்களுக்கு எந்தக் கிழமை லீவு?”

இப்படித்தான் தொடங்கும். கட்டணத்துக்கான படிவத்தை நர்ஸ் போனிலேயே நிரப்புவார். கரைசல் மருந்து எங்கே கிடைக்கும், எலுமிச்சைச் சாறு கலந்து குளிரவைத்துக் குடித்தால் குமட்டாது, சிவப்பு ஜெல்லி சாப்பிட்டால் ரத்தம் என்று தவறாகத் தெரியும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். முந்தின நாள் சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு, குடிக்கத் தொடங்கியாயிற்றா என்று கேட்பார். அழைத்துப்போக ஆள் இல்லை என்றால் அதற்கும் ஒரு வழி பார்ப்பார். 1932 முதல் 1972 வரை டஸ்கிகீயில் கருப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை தராமல் வைத்து வேடிக்கை பார்த்தது அமெரிக்க மத்திய அரசு என்பதைக் கருப்பின மக்கள் மறக்கவில்லை. அந்த அவநம்பிக்கை நியாயமானது. துண்டுப்பிரசுரத்தால் அது கரையாது. தெரிந்த குரல் ஒன்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பேசினால் கொஞ்சம் கரையும்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு விஷயம் இருந்தது. டெலவேர் தன் கணக்கை இனவாரியாகப் பிரித்து எழுதியது. மாநில சராசரி ஏறினால் போதும் என்று விட்டிருந்தால், வடக்கிலுள்ள வசதியான வீடுகளிலிருந்து இன்னும் கொஞ்சம் பேரை வரவழைத்தே இலக்கைத் தொட்டிருக்கலாம். பிரித்து எழுதினால் அந்தச் சௌகரியம் கிடையாது.

*

2013-ல் டெலவேர் புற்றுநோய் மருத்துவர் ஸ்டீபன் கிரப்ஸும் சகாக்களும் முடிவுகளை வெளியிட்டார்கள். மின்னரின் துணை ஆளுநராக இருந்த ஜான் கார்னியும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். பின்னாளில் அவரே ஆளுநரானார். 2002-ல் ஐம்பது வயதைத் தாண்டிய வெள்ளையினத்தவரில் 58 சதவீதம் பேரும் கருப்பினத்தவரில் 48 சதவீதம் பேரும் பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள். 2009-ல் இருவருக்கும் 74 சதவீதம். முற்றிய கட்டத்திலோ அருகில் பரவிய கட்டத்திலோ நோய் கண்டுபிடிக்கப்பட்ட கருப்பினத்தவர் 79 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைந்தார்கள். குடலோடு நின்ற நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 16-லிருந்து 50 சதவீதமானார்கள். குடலோடு நின்ற புற்றுக்கு ஐந்தாண்டு பிழைப்பு சுமார் 90 சதவீதம். தூரத்து உறுப்புக்குப் பரவியதற்கு ஏழில் ஒருவர். இந்த இடமாற்றத்தின் பொருள் அதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். நிறையப் பேரைச் சோதித்தால், எந்தக் கெடுதியும் செய்யாத சிறு புற்றுகளும் அகப்பட்டு, ஆரம்பக் கட்டத்தின் சதவீதம் தானாகவே ஏறிவிடும். பரிசோதனைத் திட்டங்கள் தம்மை மெச்சிக்கொள்ளும்போது அடிக்கடி இந்தப் பள்ளத்தில் விழுகின்றன. அதனால் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, புதிதாக நோய் வருபவர்களின் வீதம். கருப்பினத்தவரிடம் அது லட்சத்துக்கு 67-லிருந்து 44 ஆகவும், வெள்ளையினத்தவரிடம் 58-லிருந்து 43 ஆகவும் இறங்கியது. வெறுமனே அதிகம் கண்டுபிடித்திருந்தால் இது ஏறியிருக்கும். பாலிப்கள் போனதால் இறங்கியது. மற்றது, இறப்பு. கருப்பினத்தவரிடம் லட்சத்துக்கு 31-லிருந்து 18. வெள்ளையினத்தவரிடம் 19.5-லிருந்து 17.

இந்த எண்களை நான் முழுமையாகக் கொண்டாடிவிடவும் மாட்டேன். டெலவேரின் கருப்பின மக்கள்தொகை 2000-ல் ஒன்றரை லட்சம்தான். ஆண்டுக்குச் சில பத்து இறப்புகளிலிருந்து கணக்கிடும் வீதம் ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் துள்ளும். பரிசோதனை செய்துகொண்டவர்களின் எண்ணிக்கை தொலைபேசி சர்வேயிலிருந்து எடுத்தது; செய்துகொள்ளாதவர்களும் செய்தேன் என்று சொல்வதுண்டு. நாடு முழுக்கவே அந்தக் காலத்தில் பரிசோதனை கூடியது, 2001-லிருந்து மூத்தோருக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேர் கொலோனோஸ்கோப்பிக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, இந்தத் திட்டம் இல்லாத இன்னொரு டெலவேர் கிடையாது. இத்தனையையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. நாடு முழுக்க நோய் குறைந்தாலும் இனங்களுக்கு நடுவிலான இடைவெளி தங்கியிருந்தது. டெலவேரில் அது சுருங்கியது.

வெற்றி எல்லா நோய்க்கும் பெயர்த்து நடக்கூடியதல்ல என்பதையும் டெலவேரே காட்டுகிறது. ஹார்மோன் மருந்துகளுக்கும் ஹெர்2 புரதத்தைக் குறிவைக்கும் மருந்துக்கும் மசியாத ஒருவகை மார்பகப் புற்றுநோய் உண்டு. டிரிப்பிள் நெகட்டிவ் என்பார்கள். அமெரிக்க அளவில் கருப்பினப் பெண்களுக்கு அது வெள்ளையினப் பெண்களைப்போல் சுமார் இரு மடங்கு. இந்த வகையின் வீதம் மிக உயர்ந்திருக்கும் அமெரிக்க மாநிலங்களில் டெலவேர் ஒன்று. அது ஒரு மேமோகிராம் பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள மாதங்களுக்குள்ளேயே வளர்ந்துவிடக்கூடியது. வெட்டி எறிந்து தடுக்க அதற்கு முன்னோடிப் பாலிப் ஏதும் இல்லை. நர்ஸ் எத்தனை முறை கூப்பிட்டாலும் கருவியிடம் இல்லாத திறமையை அவரால் தர முடியாது. அங்கே உடல் எடை, மது, மரபு என்று வேறு இடங்களில் தோண்ட வேண்டியிருக்கிறது.

பெருங்குடலிலும் கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது. ‘பிளாக் பாந்தர்’ நாயகன் சாட்விக் போஸ்மேன் 2020-ல் இந்த நோயால் இறந்தபோது அவருக்கு வயது 43. ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களிடம் நோய் கூடுவதைப் பார்த்து, பரிசோதனையைத் தொடங்கும் வயதை 45 ஆக்கும்படி 2021-ல் அமெரிக்க நிபுணர் குழு பரிந்துரைத்தது. ஒரே நாளில் அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் கோடிக்கு மேல் நீண்டுவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள், சின்னக் குழந்தைகளை வளர்ப்பவர்கள், எந்த டாக்டரிடமும் வழக்கமாகப் போகாதவர்கள்.

டெலவேருக்கு ஆண்டுக்கு ஆன செலவு பரிசோதனைக்குச் சுமார் 10 லட்சம் டாலர், சிகிச்சைத் திட்டத்துக்குச் சுமார் 60 லட்சம். நோய் குறைந்ததாலும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சிறிய சிகிச்சையோடு முடித்ததாலும் ஆண்டுக்கு 85 லட்சம் மிச்சமாகியது என்று கிரப்ஸ் குழு மதிப்பிட்டது. மிச்சமாகிய பணம் செலவழித்தவரின் பைக்கே திரும்புவதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் மெடிகேருக்கும் மருத்துவமனைகளுக்கும் நோயாளி வீடுகளுக்கும் சிதறிப்போகிறது. செலவு மாநில பட்ஜெட்டில் ஒரு வரியாக நிற்கிறது. புகையிலை ஒப்பந்தத் தொகையோ சிகரெட் விற்பனையோடு பிணைக்கப்பட்டது; மக்கள் புகையை விட விட அதுவும் வற்றும். 2010-ல் வந்த ஒபாமாவின் சுகாதாரச் சட்டம் கொலோனோஸ்கோப்பிக்கான கட்டணத்தை இன்ஷூரன்ஸின் கடமையாக்கி மாநிலத்தின் சுமையைக் கொஞ்சம் குறைத்தது. 2024 ஜனவரி முதல் மெடிகேர், கடும் நோய் உறுதியானவர்களுடன் இருந்து வழிகாட்டும் வேலைக்கும் பணம் கொடுக்கத் தொடங்கியது. நோய் ஒன்றும் இல்லாத ஒருவரைச் சாயங்காலம் கூப்பிட்டு, எந்தக் கிழமை லீவு என்று கேட்கும் அந்த நர்ஸின் சம்பளத்தைப் பெரும்பாலும் மாநிலங்களும் நன்கொடைகளுமே ஆண்டுக்கு ஆண்டு தேடிப்பிடித்துத் தந்துகொண்டிருக்கின்றன.